தக்காளி: கடையில் 34, தோட்டத்தில் 20. நடுவில் இருக்கும் 14 ரூபாய் யாருக்குப் போகிறது?

கோவைவாசி:
சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ 34 ரூபாய். அதே நிறுவனம் உடுமலைப் பக்கம் வைத்திருக்கும் கொள்முதல் சென்டரில் அன்றைக்கு விவசாயிக்குக் கொடுத்த விலை 20. இந்த 14 ரூபாய் முழுக்கக் கடையின் லாபமா? 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கையில், நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது தக்காளியில் 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று இருந்தது. இங்கே 34-க்கு 20 என்றால் 59 பைசா வருகிறது. அப்படியானால் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதுதான் விவசாயிக்கு நல்லதா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரக்கு மேலாள்:
14 ரூபாயும் லாபம் இல்லை. மாதிரிக் கணக்கு ஒன்று போடுகிறேன், ஊருக்கும் பருவத்துக்கும் தகுந்த மாதிரி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கொள்முதல் 20. சென்டர் வாடகை, தரம் பார்க்கும் ஆள்கூலி, கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) கழுவுவது எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 2. சென்டரிலிருந்து இரவு லாரியில் கிடங்கு, அங்கிருந்து விடியற்காலை கடை, இதற்கு 3. ஆகக் கடை வாசலில் இறங்கும்போது 25. கடையில் வாடிக்கையாளர் அழுத்திப் பார்த்துப் போட்டது, அடியில் நசுங்கியது, மூன்றாம் நாள் மிச்சம் என்று நூற்றுக்குப் 12 கிலோ குப்பைக்குப் போவதாக வைத்தால், விற்கும் 88 கிலோதான் 100 கிலோவின் அடக்கத்தைச் சுமக்க வேண்டும். 25-ஐ 0.88-ஆல் வகுத்தால் 28.41. இதற்கு மேல் கடை வாடகை, மின்சாரம், சம்பளம், லாபம் எல்லாவற்றுக்குமாக விற்பனை விலையில் 15 சதவீதம் மார்ஜின். 28.41-ஐ 0.85-ஆல் வகுத்தால் 33.42. அதைத்தான் 34 என்று ஒட்டுகிறார்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. 20-க்கு வாங்கி 30-க்கு விற்றால், வாங்கிய விலை மேல் 50 சதவீதம் ஏற்றியிருக்கிறோம், ஆனால் விற்ற விலையில் மார்ஜின் 33 சதவீதம்தான். செய்தியில் முதல் எண்ணைப் போடுவார்கள், நிறுவனம் இரண்டாவதைச் சொல்லும். இரண்டும் ஒரே பணம்தான்.

கொங்குத் தோட்டம்:
மேலாள் சொன்ன கணக்கு கடைப்பக்கம் சரிங்க. தோட்டப்பக்கம் பாதிதான் வந்திருக்கு. 20 ரூபாய் எந்தத் தக்காளிக்கு? சென்டர்ல எடுத்த முதல் தரத்துக்கு மட்டும். அன்னைக்குப் பறிச்ச அத்தனைக்கும் இல்லீங்க.

100 கிலோ பறிக்கிறோம். 10 கிலோ வெடிப்பு, சொத்தை, வெயில் பட்டு வெளுத்தது, வரப்பிலேயே கொட்டுறது. மீதி 90. அதுல 60 கிலோவை சென்டர் எடுக்குதுன்னு வைங்க: 60 x 20 = 1,200. ஒதுக்கின 30 கிலோவை மண்டிக்கு அனுப்பணும். முதல் தரம் உருவின சரக்குன்னு யாவாரிக்குப் பெட்டியைப் பார்த்ததுமே தெரிஞ்சுடும், கிலோ 10-க்குத்தான் கேப்பாங்க. கமிஷன் 1, ஏத்துக்கூலி இறக்குக்கூலி வண்டி 1, போக 8. 30 x 8 = 240. மொத்தம் 1,440. தரம் பிரிக்கிற பொம்பளையாள் கூலியும் சென்டருக்குப் போற வண்டியும் 100 கழிச்சா 1,340. பறிச்ச கிலோவுக்கு 13 ரூபாய் 40 பைசா. பறிகூலி இன்னும் கழிக்கல.

அதே 90 கிலோவைப் பிரிக்காம அப்படியே மண்டிக்குக் கொண்டு போனா? கலந்த சரக்கு 17-க்குப் போகும். கமிஷன் நூத்துக்குப் பத்து, 1.70. கூலி வண்டி 1. கைக்கு 14.30. 90 x 14.30 = 1,287.

ரெண்டுக்கும் வித்தியாசம் 53 ரூபாய். 100 கிலோவுக்கு 53 ரூபாய்! 20-க்கும் 17-க்கும் 3 ரூபாய் கூடுதல்னு போர்டைப் பார்த்துப் போறவங்க இதைப் போட்டுப் பார்க்கணும். சென்டர் 60-க்குப் பதிலா 50 கிலோ மட்டும் எடுத்தா வரவு 1,220-க்கு இறங்கிடும், மண்டியைவிட 67 ரூபாய் நட்டம். இந்த எண்களுக்கு எல்லைக்கோடு 56 கிலோ. அதுக்குக் கீழ எடுத்தாங்கன்னா சென்டருக்குப் போறது வீண். விலையைப் பேசுறதைவிட எத்தனை கிலோ எடுப்பாங்கன்னு பேசுறதுதான் முக்கியம்.

கோவைவாசி:
இது தெளிவாக இருக்கிறது, நன்றிங்க. அப்படியானால் "விவசாயிக்கு நேரடியாக நல்ல விலை" என்ற விளம்பரத்தில் விலை உண்மை, அளவுதான் சொல்லப்படாமல் இருக்கிறது.

மண்டிச்சீட்டு:
மண்டியை எல்லாரும் திட்டுகிறார்கள். அதன் இரண்டு குணங்களைச் சொல்லியே ஆக வேண்டும். கொண்டு போனது எல்லாம் விற்கும், திருப்பி அனுப்ப மாட்டார்கள். பணம் அன்றைக்கே அல்லது வாரக் கணக்கில் வந்துவிடும். விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுப்பதும் கமிஷன் கடைக்காரர்தான். அந்த முன்பணத்துக்குத் தனியாக வட்டி எழுத மாட்டார், "சரக்கு என் கடைக்கே வர வேண்டும்" என்பதுதான் அதற்கான வட்டி. வேறு கடையில் 2 ரூபாய் கூடப் போனாலும் அங்கே இறக்க முடியாது.

சென்டர் விலையில் பெட்டிக் கணக்கைக் கவனியுங்கள். ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் தக்காளிப் பெட்டி 14 கிலோ. கிருஷ்ணகிரிப் பக்கம் 25 கிலோ கிரேட். "நேற்றைய மண்டி விலை" என்று சென்டர் சொல்லும்போது பெட்டி விலையை எதனால் வகுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெட்டி 280 என்றால் 14-ஆல் வகுத்தால் 20 ரூபாய், 15-ஆல் வகுத்தால் 18.67. ஒரு கிலோவுக்கு 1.33 போய்விடும். எந்த மண்டி, ஏலத்தின் முதல் விலையா, சராசரியா, நண்பகலுக்குப் பிறகு இறங்கிய விலையா என்பதும் பேசி வைக்க வேண்டிய விஷயம். காலை ஏலத்துக்கும் மதிய ஏலத்துக்கும் வரத்தைப் பொறுத்துப் பெட்டிக்கு நல்ல வித்தியாசம் விழும்.

வயல்வரப்பு:
எல்லாம் சரி தோழர்களே, ஆனால் அந்த 56 கிலோ யார் கையில் இருக்கிறது? சென்டரில் தரம் பார்ப்பவர் கையில். விலை ஏறும் நாளில் வெடிப்புள்ள காயும் முதல் தரம், இறங்கும் நாளில் சின்னக் கீறலும் கழிவு. இதைச் சந்தை என்று எப்படிச் சொல்வது?

சரக்கு மேலாள்:
வயல்வரப்பு சொல்வது நடக்கிறது, மறுக்கவில்லை. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு கடையும் முந்தின நாள் மாலை அடுத்த நாளுக்குத் தேவையான அளவை அனுப்பும். கிடங்கு அதைக் கூட்டி சென்டருக்கு இன்டென்ட், அதாவது நாளைக்கு வாங்க வேண்டிய அளவு, கொடுக்கும். தக்காளிக்கு 3 டன் என்று வந்திருக்கும், வாசலில் 5 டன் நிற்கும். விலை மலிவாக இருக்கும் நாளில்தான் இப்படி ஆகும், ஏனென்றால் அன்றைக்கு எல்லாத் தோட்டத்திலும் காய் இருக்கிறது, மண்டிக்குப் போக யாருக்கும் மனம் இல்லை. "இன்றைக்கு 3 டன்தான்" என்று வாசலில் சொன்னால் சண்டை வரும். அதனால் 50 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது, காம்படியில் பச்சை இருப்பது என்று தரத்தின் பேரில் கழித்து அளவைச் சரிக்கட்டுவார்கள். விலை ஏறிய நாளில் 3 டன் இன்டென்டுக்கு 2 டன்தான் வரும், அப்போது எல்லாமே தேறிவிடும்.

மாற வேண்டியது இந்தப் பழக்கம்தான். இன்டென்ட் அளவை முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பில் விவசாயி வாரியாகப் பிரித்து அனுப்பினால் போதும்: உங்களிடம் நாளை 400 கிலோ, அவ்வளவுதான். அப்போது பறிப்பதையும் அதற்குத் தக்க வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்யும் சென்டர்களும் இருக்கின்றன. செய்யாத இடத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நாற்றங்கால்:
முதல் தரத்தின் பங்கைத் தோட்டத்திலேயே எவ்வளவு ஏற்ற முடியும் என்று யாரும் சொல்லவில்லையே. சென்டர் கழிப்பதில் ஒரு பகுதி நம் கையில்தான் இருக்கிறது.

தரையில் படர விட்ட தக்காளியில் மண் பட்ட காய், அழுகல் அதிகம். குச்சி ஊன்றிக் கம்பியும் சணலும் கட்டிய வயலில் காய் தொங்குவதால் கறை இல்லை, இலை நிழலும் கிடைக்கும். செலவு கூடுதல்தான், மழைக்காலப் பயிரில் அது திரும்பி வந்துவிடும். வெடிப்பு வருவது பெரும்பாலும் தண்ணீர் விடுவதில் இருக்கும் ஏற்ற இறக்கத்தால். ஒரு வாரம் காயவிட்டு ஒரே நாளில் வாய்க்கால் நிறையப் பாய்ச்சினால் தோல் தாங்காது. சொட்டுநீரில் தினமும் கொஞ்சம் விடுவதே சரி. காயின் அடிப்பகுதி கருத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அதுவும் தண்ணீர் ஒழுங்கில்லாவிட்டால் மண்ணில் சத்து இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. கால்சியம் குளோரைடு 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம், காய் பிடிக்கும் பருவத்தில் இலைவழி தெளிக்கலாம். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் இலை கருகும், மாலையில் தெளியுங்கள்.

பறிக்கும் பருவமும் அப்படித்தான். கடைக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும் சரக்கை நன்றாகப் பழுத்த பிறகு பறித்தால் சென்டர் கழிக்கத்தான் செய்யும். நிறம் திரும்பத் தொடங்கியதும், கால்வாசி சிவந்த செங்காயாகப் பறிக்க வேண்டும். பழுத்தது உள்ளூர் வாரச் சந்தைக்கு. ஒரே பறிப்பில் இரண்டு கூடை வைத்துக்கொண்டால் ஆளுக்கு வேலை இரட்டிப்பாகாது. பறித்ததை வெயிலில் குவித்து வைக்கக் கூடாது, மர நிழலிலாவது வைக்க வேண்டும்.

கொங்குத் தோட்டம்:
நாற்றங்கால் சொன்னது அத்தனையும் சரிங்க. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். கிலோ 8 ரூபாய்க்கு வித்தா கம்பி கட்டின செலவு வராதுங்க. விலை தெரியாமத்தான் நாத்து நடறோம், காய் வர 60, 65 நாள் ஆகும்.

கோவைவாசி:
2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடையில் 60-க்கு விற்றது. அப்போது விவசாயிக்கு நல்ல காசு கிடைத்திருக்குமே?

மண்டிச்சீட்டு:
அந்த மாதம் வயலில் காய் இருந்தவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதங்களில் விலை விழுந்ததால் பலரும் பயிரைக் கைவிட்டிருந்தார்கள், வெயிலும் நோயும் மிச்சத்தை அடித்தது. அதனால்தான் வரத்துக் குறைந்து விலை ஏறியது. ஏறிய விலையைப் பார்த்து ஜூலையில் நட்டவர்களின் காய் எல்லாம் சேர்ந்து வந்தது செப்டம்பரில். அப்போது பல மண்டிகளில் கிலோ 10 ரூபாய்க்குக் கீழே. நகரத்துக்காரர்களுக்கு ஜூலை நினைவிருக்கிறது, செப்டம்பர் இல்லை.

இன்னொன்று. மண்டியில் விலை விழுந்த அன்றே கடை அலமாரியில் விழாது. ஏறும்போது மறுநாளே ஏறும். கடையில் பழைய விலைச் சரக்கு இரண்டு நாளுக்கு இருக்கிறது என்பது ஒரு காரணம். ஏறியபோது மார்ஜினை விட்டுக்கொடுத்ததை இறங்கும்போது பிடித்துக்கொள்வது இன்னொரு காரணம், அதுதான் பெரியது.

வயல்வரப்பு:
அப்படியானால் தீர்வு அடிப்படை விலைதான். கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. தக்காளி 8, மரவள்ளி 12. ஒட்டன்சத்திரம் சரக்கைச் சாப்பிடும் மாநிலம் அது. அவர்களால் முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

எஃப்பிஓ கணக்கர்:
தோழர், அந்த விலை கேரளத்தில் பதிவு செய்த கேரள விவசாயிக்கு. அங்கே பயிர்ப் பரப்பும் குறைவு, விளைச்சலும் குறைவு, அரசு வாங்கித் தாங்க முடிகிறது. இங்கே ஒரு மண்டிக்கு ஒரு நாளில் வரும் தக்காளியையே வாங்கி வைக்க இடம் கிடையாது, அது மூன்றாம் நாள் சாறாகிவிடும். தக்காளிக்கு அடிப்படை விலை என்றால் கூடவே கூழ் ஆலை வேண்டும். நெல் மாதிரி மூட்டையில் அடுக்க முடியாதே.

உங்கள் கோபம் நியாயம்தான். நான் வேறு இடத்தில் கை வைப்பேன். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-இல் தனிச் சட்டம் வந்தது. பயிர் வைக்கும்போதே விலையைப் பேசி எழுதிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் சூப்பர் மார்க்கெட் சென்டரில் நடப்பது ஒப்பந்தமே இல்லை. எழுத்தில் ஒன்றும் கிடையாது, அன்றன்றைய விலை, அன்றன்றைய அளவு. "எங்கள் விவசாயி" என்று பதிவு அட்டை கொடுத்திருப்பார்கள், அதில் வாங்கும் கடமை பற்றி ஒரு வரியும் இருக்காது.

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (எஃப்பிஓ) மூலம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வரும். பணச்சுழற்சியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தினம் 3 டன், கிலோ 22 என்றால் ஒரு நாள் சரக்கு 66,000 ரூபாய். கடை 21 நாள் கழித்துப் பணம் போட்டால் 13 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். விவசாயி 21 நாள் காத்திருக்க மாட்டார், மூன்றாம் நாளே மண்டிக்குத் திரும்பிவிடுவார். பங்குத்தொகை 10 லட்சம் வைத்திருக்கும் நிறுவனம் இங்கேதான் மூச்சுத் திணறுகிறது. தவணை தள்ளினால், சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு: உத்யம் என்ற சிறுதொழில் பதிவில் வெறும் வியாபாரம் என்று பதிவு செய்திருந்தால் அந்தப் பாதுகாப்பு வராது, வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான். பதிவு செய்யும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கிடங்கில் இறக்கிய பிறகு போடும் கழிவுச் சீட்டு அடுத்த தலைவலி. இங்கே 3,000 கிலோ ஏற்றினால் அங்கே 2,860 ஏற்றுக்கொண்டதாக மறுநாள் சீட்டு வரும். 140 கிலோ திரும்பியும் வராது, காசும் வராது. ஏற்றும் இடத்திலேயே தரம் முடிந்துவிட்டது, அதன் பிறகு பொறுப்பு வாங்குபவருடையது என்று கொள்முதல் ஆணையில் எழுத வைக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காக எவ்வளவு நாள் பேச்சுவார்த்தை இழுத்தாலும் விடாதீர்கள்.

கோவைவாசி:
வெங்காயம் சில நாள் மண்டி விலைக்கும் குறைவாக சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறதே. அது எப்படி?

சரக்கு மேலாள்:
தக்காளி, வெங்காயம், உருளை மூன்றுக்கும் விலை எல்லா வீட்டிலும் மனப்பாடம். ஒரு கடை மலிவா இல்லையா என்று மக்கள் முடிவு செய்வது இவற்றை வைத்துத்தான். அதனால் புதன்கிழமைச் சலுகை என்று அடக்கத்துக்கும் கீழே கொடுப்பார்கள். அந்த நட்டத்தைக் குடைமிளகாய், காளான், நறுக்கிய காய்ப் பாக்கெட், இறக்குமதிப் பழம் ஆகியவற்றில் எடுத்துக்கொள்வார்கள். இவற்றின் விலை யாருக்கும் மனதில் நிற்காது. ஆகவே அலமாரியில் தக்காளி விலையை மட்டும் வைத்துக் கடை எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குப் போட முடியாது, காய்கறிப் பகுதி மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

சலுகை நாளில் விவசாயிக்கு விலையைக் குறைக்கிறார்களா என்றால், நேரடியாகப் பெரும்பாலும் இல்லை, கொள்முதல் மண்டி விலையைத்தான் ஒட்டிப் போகும். ஆனால் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரரால் அந்த விலைக்கு விற்க முடியாது. அவர் மண்டியில் எடுக்கும் அளவு குறையும். பிரான்சில் 2018-இல் வந்த சட்டத்தின்படி உணவுப் பொருளை வாங்கிய விலைக்கு மேல் குறைந்தது 10 சதவீதம் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அந்தக் கூடுதல் காசு விவசாயிக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை, ஏனென்றால் கடை விலைக்குத் தளம் போட்டார்களே தவிர தோட்டத்து விலைக்குப் போடவில்லை.

நாற்றங்கால்:
கோவைவாசி முதலில் கேட்டதற்கு, எங்கே வாங்கினால் விவசாயிக்கு அதிகம் போகும் என்பதற்கு, உழவர் சந்தை என்பதுதான் என் பதில். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசு அவர்களே தருவார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று அன்றன்று விலை எழுதிப் போடுவார்கள். விவசாயி அட்டை வேண்டும், அதிகாரி வயலைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

எல்லாருக்கும் அது பொருந்தாது. ஒரு ஏக்கர் தக்காளியில் உச்சப் பறிப்பில் ஒரு டன் வரும், அதை ஒருவர் காலையில் உட்கார்ந்து சில்லறையாக விற்றுத் தீர்க்க முடியாது. கீரை, கத்தரி, வெண்டை, அவரை என்று பத்து வகை கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பொன்னான இடம். ஒரே பயிராகப் போட்டவருக்கு மண்டியும் சென்டரும்தான் வழி.

எஃப்பிஓ கணக்கர்:
பாலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆவின் 2023 டிசம்பரில் இருந்து உற்பத்தியாளருக்குப் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாயுடன் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அப்போது கடையில் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20, லிட்டருக்கு 40. கொழுப்பின் ஒரு பகுதியைப் பிரித்து வெண்ணெய், நெய்யாக விற்பதால்தான் இந்த இடைவெளியில் வண்டி ஓடுகிறது. பாலில் தினமும் சேர்கிற அளவு ஏறக்குறைய நிலையானது, தரம் கருவியில் எண்ணாக வருகிறது, எடுத்த பிறகு கழிக்க முடியாது. தக்காளியில் இந்த மூன்றும் இல்லை.

கொங்குத் தோட்டம்:
அதுல ரெண்டாவதைத் தக்காளிக்கும் கொண்டு வரலாம்ங்க. 50 மில்லிமீட்டர்னா ஒரு வளையம் வெச்சு அளக்கட்டும், நிறத்துக்கு அட்டை ஒண்ணு சுவத்துல ஒட்டட்டும். கண்ணால பார்த்துக் கழிக்கிறது நிக்கட்டும்.

வயல்வரப்பு:
இதில் உடன்படுகிறேன். வளையமும் அட்டையும் வைக்காத சென்டரைக் கூட்டமாகச் சேர்ந்து கேட்டால்தான் வைப்பார்கள், தனியாகக் கேட்பவரின் சரக்குதான் மறுநாள் முதலில் கழியும். எடைப்பக்கம் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா, மண்டிச்சீட்டு ஐயா?

மண்டிச்சீட்டு:
மூன்று விஷயம். மின்னணுத் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பாருங்கள். கிரேட்டோடு எடை போட்டுக் கழிக்கும்போது, காலிக் கிரேட்டை முதலில் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1.7 கிலோ கிரேட்டுக்கு 2 கிலோ கழித்தால் கிரேட்டுக்கு 300 கிராம், 40 கிரேட்டுக்கு 12 கிலோ போச்சு. மூன்றாவது, சீட்டில் கொண்டு வந்த எடை, எடுத்த எடை, கழித்த எடை, கழித்த காரணம் நான்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எடுத்த எடையை மட்டும் எழுதிய சீட்டை வைத்து மேலே போட்ட கணக்கு எதையும் போட முடியாது.

கொங்குத் தோட்டம்:
கழிச்ச பெட்டியை அங்கேயே விட்டுட்டு வராதீங்க. உள்ளூர்க் கடைக்காரர் யாராவது பாதி விலைக்கு எடுத்துக்கறேன்னு வாசல்ல நிப்பாங்க. முன்னாடியே சந்தை யாவாரி ஒருத்தர்கிட்டப் பேசி வெச்சிருந்தா அந்த 30 கிலோவுக்கும் 10 ரூபாய் கிடைக்கும்.